பதிப்பு எண்ணும் கட்டளைநிரலும்

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளமும் இடம்பெற்றது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டது. டெபியன் ஒரே திரளாக அமைந்ததன்று. பல்லாயிரம் தொகுப்புகளால் ஆனது. ஒரு தொகுப்பு மற்றொன்றைச் சார்ந்து இயங்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண் உண்டு.

இத்தனை எண்களையும் யார் கண்காணிப்பது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் 200 கணினிகள் கொண்ட ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கணினிதோறும் சென்று பழைய பதிப்பை நீக்கிப் புதியதை நிறுவுகிறார். ஒன்றுக்குப் 10 நிமிடம் என்றாலும் 33 மணி நேரத்திற்கு மேலாகும். இடையில் ஒரு கணினி விடுபட்டுப் போகவும் கூடும். ஆகவே, செய்யவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, கணினியையே செய்யவிடுகின்றனர். அக்கோப்பே கட்டளைநிரல்; ஸ்கிரிப்ட் என்றும் வழங்குவர்.

எழுதுவது எளிதென்றே தோன்றும். ஆனால் 1.9, 1.10 ஆகிய பதிப்புகளுள் எது புதியது? தசம எண்ணாகக் கொண்டால் 1.9 பெரிது. எழுத்து வரிசையில் அடுக்கினாலும் 1.9 தான் பின்னே நிற்கும். உண்மையில் 1.10 என்பதே பிந்தியது. இங்குள்ள புள்ளி தசமப்புள்ளி அன்று. ஒன்பதாம் வெளியீட்டுக்கு அடுத்தது பத்தாம் வெளியீடு, அவ்வளவே. இதனை அறியாத நிரல், புதியதைப் பழையதெனக் கருதிப் பின்னோக்கிச் சென்றுவிடும். நல்ல நிரலோ எண்ணைப் புள்ளியிடத்தில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக ஒப்பிடும்.

விரைவும் வேண்டும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் தொகுப்பில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அம்மாதத்திற்குள்ளேயே 2.15.0, 2.16.0, 2.17.0 எனத் திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. கையால் நிறுவுவோர் ஒரு சுற்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

எனினும், கண்மூடித்தனமான விரைவு அதைவிடக் கொடிது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று தானாகவே பரவியது. உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

இதனால், நிறுவுதல் தவறினால் அங்கேயே நின்று பழைய பதிப்பை மீட்கும் வரிகளையும் நிரலில் சேர்க்கின்றனர். நாம் எண்ணிய அலுவலகத்தில், முதலில் 5 கணினிகளில் மட்டும் நிறுவி, ஒரு நாள் இயக்கிப் பார்த்த பின்னரே மற்ற 195 கணினிகளுக்கும் அனுப்புவர்.