மூலிகை பாத் பாம்: வாளியில் போடும் முன்…

பார்க்க ரவா லட்டு மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்துக் கரையும். வாசனை குளியலறையை நிறைக்கும். ‘பாத் பாம்’ எனப்படும் இந்தக் குளியல் உருண்டையை 1989-ல் இங்கிலாந்தில் உருவாக்கியவர் மோ கான்ஸ்டன்டைன். ‘லஷ்’ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இன்று நம் ஊர்ச் சமையலறைகளிலும் வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் சேர்த்து இதை உருட்டுகிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறார்கள்.

‘வீட்டில் செய்தது’, ‘மூலிகை’ என்று கேட்டாலே நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். தோலும் சட்டமும் இந்த இரண்டு சொற்களுக்கும் எந்தச் சலுகையும் தருவதில்லை.

தொட்டிக் கணக்கு, வாளிக் கணக்கு

ஆப்ப சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் அமிலம் ஒரு பங்கு. இதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நாம் பார்க்கும் நுரை அதுதான். ஆனால், ஒரு பங்கு அமிலம் ஏறத்தாழ 1.3 பங்கு சோடாவோடுதான் வினைபுரியும். மிச்சமுள்ள சோடா தண்ணீரிலேயே தங்கிவிடும். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சோடா கரைந்த தண்ணீரின் பிஎச் 8-ஐத் தாண்டும். அதில் அடிக்கடி குளித்தால் தோல் வறண்டு அரிக்கலாம்.

இந்த உருண்டை குளியல் தொட்டிக்காகப் பிறந்தது. தொட்டி என்றால் சுமார் 150 லிட்டர் தண்ணீர். நம் வீட்டு வாளியோ 15 முதல் 20 லிட்டர். அதே உருண்டையை முழுசாக வாளியில் போட்டால் கரைசல் எட்டுப் பத்து மடங்கு அடர்த்தியாகிவிடும். இன்னொன்றும் உண்டு. வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதல் சொம்பை மொள்ளும்போதே அந்தப் படலம் அப்படியே தோளில் இறங்கும். ஆகவே, ஒரு வாளிக்கு உருண்டையில் ஒரு சிறு துண்டு போதும். குளித்து முடித்ததும் நல்ல தண்ணீர் இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்ளுங்கள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

• சோடாவை மாற்றி வாங்கிவிடாதீர்கள். சமையலுக்கான ஆப்ப சோடா வேறு, துணி துவைக்கும் சலவை சோடா வேறு. சலவை சோடாவின் காரம் தோலைப் புண்ணாக்கும்.

• சிட்ரிக் அமிலத் தூள் கண்ணிலும் மூக்கிலும் பட்டால் எரியும். முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து கலக்குங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

• பச்சை இலையை அரைத்துச் சேர்த்தால் உருட்டும்போதே நுரை கிளம்பிவிடும். மிஞ்சியது பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த, சலித்த பொடி மட்டுமே சரி.

• ஈரம் முழுதாகக் காயாத உருண்டைகளைக் கண்ணாடி ஜாடியில் இறுக மூடி வைத்தால், உள்ளே வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கக்கூடும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையே வேண்டாம்.

• கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலை எரிப்பவை. எந்த வாசனை எண்ணெயானாலும் சில சொட்டுகளோடு நிறுத்துங்கள். தண்ணீரோடு கலக்க, பாலிசார்பேட் 80 போன்ற பொருள் தேவை.

• நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசியில் சோராலென் என்ற வேதிப்பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கன்றிச் சிவக்கலாம், கொப்புளம்கூட வரலாம். எலுமிச்சைத் தோல் எண்ணெயிலும் இதே வகைப் பொருள்கள் உண்டு. குளித்த கையோடு வெயிலில் இறங்குபவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.

புதிய உருண்டை எதுவானாலும், முதலில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்து முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

யாருக்கு வேண்டாம்?

கைக்குழந்தைகள், கரப்பான், சொறி, திறந்த புண் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இதைக் கரைத்துக் கால் ஊற வைக்க வேண்டாம். உணர்வு குறைந்த பாதத்துக்குச் சூடும் எரிச்சலும் தெரியாது. எண்ணெய் கலந்த தண்ணீர் தரையை வழுக்கலாக்கும் என்பதால், முதியவர்கள் உள்ள வீட்டில் குளித்ததும் தரையைக் கழுவிவிடுங்கள்.

உருண்டை லட்டு போலவே இருப்பதால் குழந்தைகள் வாயில் போடும் அபாயம் உண்டு. நீலகிரித் தைலமும் கற்பூரமும் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

விற்பனை என்றால் உரிமம்

உங்கள் வீட்டுக்கு மட்டும் செய்துகொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940, அழகுசாதனப் பொருள்கள் விதிகள் 2020 ஆகியவற்றின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் தயாரித்து விற்பது தண்டனைக்குரிய குற்றம். ‘உத்யம்’ பதிவும் ஜிஎஸ்டி எண்ணும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

உற்பத்திக் கூடம் குடியிருப்போடு இணைந்திருக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் சமையலறைக்கு உரிமம் கிடைக்காது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஆலையில், ‘லோன் லைசென்ஸ்’ பெற்று உங்கள் தயாரிப்பைச் செய்துகொள்ள வழி இருக்கிறது. ‘கரப்பானைக் குணமாக்கும்’ என்று விளம்பரம் செய்தால் அது அழகுசாதனம் என்ற வரம்பைத் தாண்டி மருந்தாகிவிடும். அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

வாங்குபவரின் உரிமை

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல், நிகர எடை, பயன்படுத்த வேண்டிய காலம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். ‘100% மூலிகை’ என்ற ஒற்றை வரி சேர்மானப் பட்டியல் ஆகாது.

பாதிப்பு ஏற்பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மிச்ச உருண்டையையும் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி. தோலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்திய விவரம், விற்பவரோடு நடந்த உரையாடல், மருத்துவர் தந்த சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பிறகு:

• விற்பவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். இணைய வணிகத் தளத்தில் வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

• மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். 1940-ம் ஆண்டுச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதித்து அறிக்கை பெறலாம்.

• நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

விற்பவர் பெரும்பாலும் தெரிந்தவராக, தோழியாக, அத்தை மகளாக இருப்பார். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் வரும். “இதில் என்னவெல்லாம் சேர்த்தாய், ஒரு வாளிக்கு எவ்வளவு போடணும்?” என்று மட்டும் கேளுங்கள். அக்கறையோடு செய்தவர் தயங்காமல் பதில் சொல்வார். பதில் வராத உருண்டையை வாங்க வேண்டாம்.