கருத்துக்குக் கிடைக்கும் காசு

கலந்துகொள்வோருக்குப் பணம் தரும் குழு உரையாடல், 1941இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர்கள் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்ட்டனும் வானொலி நேயர்களின் எதிர்வினையை ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த முறை. இன்று அமெரிக்க நிறுவனங்கள் சோப்பு முதல் விளம்பரம் வரை பலவற்றையும் சோதிக்க, ஆறு முதல் பத்துப் பேரை அழைத்து, நெறியாளர் ஒருவரைக்கொண்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பேசவைக்கின்றன. ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுவனத்தார் அமர்ந்து கவனிப்பதும் உண்டு. பங்கேற்போருக்குப் பணமோ பரிசு அட்டையோ தரப்படும். மருத்துவர் போன்றோருக்குத் தொகை கூடுதல்.

வயது, வருமானம், வாங்கும் பழக்கம் எல்லாம் விசாரித்தே ஆளெடுப்பார்கள். வாய்ப்புக்காகப் பொய் சொன்னால் ஆய்வே கெடும். அண்மையில் பங்கேற்றவர்களைப் பெரும்பாலும் தவிர்ப்பதால் இந்தப் பணம் கைச்செலவுக்கு உதவுமே தவிர, நிலையான வருமானமாகாது. சேர்வதற்கு முன்பணம் கேட்பவர்களும், காசோலை அனுப்பி ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்பவர்களும் மோசடிக்காரர்களே. அவர்களிடம் வங்கி விவரம் எதையும் தரக் கூடாது.