பிரேக் போடாமல் வேகத்தைக் குறைப்பது எப்படி?

பிரான்சு நாட்டில் 1903-ல் தொடங்கிய சைக்கிள் பந்தயம், "டூர் டி பிரான்ஸ்". வீரர்கள் கூட்டமாகப் பறப்பார்கள். பல சமயம் இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே ஒரு முழம்கூட இராது!

ஏன் இந்த நெருக்கம்? முன்னால் போகிறவர் காற்றைத் தடுக்கிறார். பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது சுலபம்.

முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போட்டால்? பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் மோதும். அவர் விழுவார். அவர் மேல் அடுத்தவர் விழுவார்!

ஆகவே, முதலில் மிதிப்பதைத் தளர்த்த வேண்டும். நிமிர்ந்து உட்கார வேண்டும். மார்பில் காற்று மோதும்; வேகம் தானாகக் குறையும். போதாவிட்டால், பிரேக்கை மெல்லப் பிடிக்கலாம். நிற்பதானால், முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும்.

நண்பர்களோடு சைக்கிளில் போகிறீர்களா? ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். பின்னால் ஒருவர் உங்களை நம்பி வருகிறார். சட்டென்று பிரேக் போடாதீர்கள்!