தன்பால் கொள்ளும் பரிவு

பிறர் துன்புறக் கண்டு இரங்குதல் அறமென்பதை யாவரும் அறிவோம். அவ்விரக்கத்துக்கு நாமும் உரியோம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரைகளைத் தாக்கியது. இலங்கையில் மிகுதியான உயிர்கள் மடிந்தது அம்பாறை மாவட்டத்திலேயாம். அங்கு மட்டும் 10,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய பேரிடரில் உயிர் தப்பியோரை வாட்டும் துயரங்களுள் கொடியது ஒன்றுண்டு. பிள்ளையின் கையை இன்னும் இறுகப் பற்றியிருக்கலாமே என்று தம்மைத் தாமே குற்றவாளியாக்கும் எண்ணமே அது.

இவ்வழக்கை நடுநிலையோடு விசாரிப்போம். அன்று இந்து சமுத்திரத்துக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாடு இருக்கவில்லை; அது பின்னரே அமைக்கப்பட்டது. ஒரு கன மீற்றர் கடல்நீர் 1,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளது. அந்நீர் திரண்டு பாயும்போது எந்த உம்மாவின் கைப்பிடி நிலைக்கும்? அதே துயருற்ற அயல்வீட்டாளை நாம் பழிப்போமா? அவளுக்கு வழங்கும் நீதியை நமக்கு மட்டும் மறுப்பது எங்ஙனம் முறையாகும்?

அமெரிக்க உளவியலறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டில் இப்பரிவுக்கு மூன்று கூறுகளை வகுத்துரைத்தார். தன்னிடம் கனிவு, துன்பமும் பிழையும் மாந்தர்க்கெல்லாம் பொது என்னும் தெளிவு, வேதனையை மறைக்காமலும் பெருக்காமலும் உள்ளவாறு நோக்குதல் என்பன அவை. இக்கருத்து நம் மக்களுக்குப் புதிதன்று. வணக்கத்தில் மூழ்கித் தம்மை வருத்திய அபூதர்தா அவர்களுக்கு, அவர்தம் ஆன்மாவுக்கும் அவரிடம் உரிமையுண்டு என ஸல்மான் பாரிஸி அவர்கள் எடுத்துரைத்ததையும், நபிகள் நாயகம் அதனை ஏற்றதையும் பலர் கேட்டிருப்பர்.

பெருந்துயருக்குப் பொருந்தும் இம்முறை அன்றாடச் சிறு துன்பங்களுக்கும் பொருந்தும். சோறு அடிப்பிடித்துவிட்டது, களைப்பில் பிள்ளையைக் கடிந்துகொண்டோம், வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடுக்க இயலவில்லை. எதற்கும் உதவாதவர் என்று நம்மீதே தீர்ப்பெழுதுமுன், உடன்பிறந்தாள் இதனைச் செய்திருந்தால் என்ன சொல்வோம் எனக் கேட்டுப் பார்த்தல் நன்று. பரிவு பிழைக்குச் சாக்கன்று. திருத்தக்கூடியதாயின் திருத்துவோம்: பிள்ளையை அணைத்துக்கொள்வோம், கடன் தந்தவரிடம் நேரிற் சென்று தவணை கேட்போம். திருத்த இயலாததாயின், அழுதும் தொழுதும் உற்றாரிடம் உரைத்தும் ஆற்றிக்கொள்வோம். ஊணும் உறக்கமும் நெடுநாள் ஒழிந்தால் மருத்துவரை நாடுவதே தக்கது.

இழந்தவரை நினைந்து அழுவது அன்பு. அவ்வன்பைத் தண்டனையாக மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை.