கொலஸ்ட்ரால் நார்மல்... அப்புறம் ஏன் மாரடைப்பு? நோய் எதிர்ப்பு செல்களுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

"கொலஸ்ட்ரால் நார்மல்னுதானே ரிப்போர்ட் வந்துச்சு, அப்புறம் எப்படி?" மாரடைப்பு வந்த பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. பதிலில் ஒரு பங்கு, நம்மைக் காக்கும் வெள்ளை அணுக்களிடம் இருக்கிறது.

என்ன நடக்கிறது?

ரத்தக்குழாய் சுவருக்குள் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு புகுந்து தங்கினால், அதை அகற்ற மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வருகின்றன. கொழுப்பை விழுங்கி விழுங்கி வீங்கும் இவற்றில் பல அங்கேயே மடிகின்றன. இதனால் அழற்சி அடங்காமல் தொடர்கிறது. கொழுப்புப் படிவின் மேல்மூடி மெலிந்து ஒருநாள் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு.

ஆதாரம் உண்டா?

2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேர் பங்கேற்றனர். அழற்சியைக் குறைக்கும் கனாகினுமேப் ஊசி, கெட்ட கொழுப்பைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்தை சுமார் 15% குறைத்தது. ஆனால், உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றே கூடின.

2023-ல், மூட்டுவலிக்கான பழைய மருந்து கோல்சிசினை, குறைந்த டோஸில் இதய நோயாளிகளுக்குத் தர அமெரிக்கா அனுமதித்தது.

கவனிக்க!

இதை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீங்க. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் ஆபத்து. டாக்டர் தந்த கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்தாதீங்க. புகையை விடுவதும் அழற்சியைக் குறைக்கும்.