கணக்கு தப்பினால் புதையல் கிடைக்காது!

வாத்தியார் டப்பாவை ஒளித்து வைக்கிறார். பசங்க தேடி ஓடுகிறார்கள். விளையாட்டு அல்ல, பாடம்!

அமெரிக்க ஆசிரியர்கள் கையாளும் இந்த வித்தைக்குப் பெயர் 'ஜியோகேஷிங்'. ராணுவ காரணத்துக்காக செயற்கைக்கோள் சிக்னலில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே 2-ந் தேதி அதிபர் கிளிண்டன் அரசு நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிட்டார். சில நாளில் ஆள் தேடி வந்துவிட்டது!

வகுப்பில் எப்படி? சரித்திரக் கேள்விக்கு விடை ஒரு வருஷம். அதைக் கூட்டிக் கழித்தால் டப்பா இருக்கும் இடத்தின் எண். கருவியைப் பிடித்து நடந்தால் பூகோளம். டப்பாவுக்குள் உள்ள நோட்டில் கண்டதை எழுதினால் மொழிப்பாடம்.

ஏனோதானோ கணக்கு இங்கே செல்லாது. அட்சரேகையில் 1 நிமிஷம் என்பது சுமார் 1,850 மீட்டர். நிமிஷத்தில் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் ஒன்று தப்பினால் ஆறடிதான், பரவாயில்லை. முதல் இலக்கம் ஒன்று தப்பினால் 185 மீட்டர்! பையன் பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பான். சிவப்பு மையில் தப்பு போட வாத்தியாரே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: டப்பா மேல் விவரம் எழுத மறக்கக்கூடாது. கேட்பாரற்ற டப்பாவைப் பார்த்து, 'வெடிகுண்டோ' என்று போலீஸ் ஓடிவந்த கதை அங்கே பல உண்டு!