மருந்தடித்த வீட்டிற்குள் எப்போது நுழையலாம்?

2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிமருந்து வைத்த வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். மருந்து வைத்த வீட்டிற்குள் நாம் எப்போது செல்லலாம்?

கரையானுக்கோ கரப்பானுக்கோ தெளித்த மருந்து முழுதும் உலர வேண்டும். டப்பாவில் குறித்துள்ள நேரமும் கழிய வேண்டும். பிறகு பெரியவர் ஒருவர் கதவு, சன்னல்களைத் திறந்து நன்கு காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரே மற்றவர் செல்லலாம். வாடை போனதை மட்டும் நம்பலாகாது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்குமன்றோ?

நெல் மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ இன்னும் கொடியது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயு எழும். புதுக்கோட்டைக் கிராமங்களில் நெல்லும் நாமும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். ஆகவே குடியிருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது. இதை இன்றே நம் பெற்றோரிடம் சொல்வோம்.